முதலில் இறக்கை, பெயர் அப்புறம்: லேஸ்விங், பாம்பு ஈ புதைபடிவங்களைப் படிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

சிங்கப்பூரில் இருந்துகொண்டு புதைபடிவப் பூச்சிகளைப் படிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுத்த மாணவர்களும் கேட்கிறார்கள், மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பவர்களும் கேட்கிறார்கள். முடியும். ஆனால் சுத்தியலோடு கிளம்ப வேண்டாம். புக்கிட் தீமா பக்கம் இருப்பது கிரானைட். உருகிய குழம்பு இறுகி உண்டான அந்தக் கல்லில் பூச்சி பதிந்திருக்க வழியே இல்லை. தீவின் மேற்கில் படிவுப் பாறைகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பி இந்த வேலையைத் தொடங்க முடியாது. நமக்குக் கைகொடுப்பவை அரும்பொருளகச் சேகரிப்புகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய கட்டுரைகள், நல்ல படங்கள். அதோடு நம் புளோக்கின் தாழ்வார விளக்கைத் தேடி வரும் உயிருள்ள லேஸ்விங்குகள், அதாவது வலைபோன்ற மெல்லிய இறக்கை கொண்ட பூச்சிகள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "இது எந்த இனம்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். இந்தத் துறையில் முக்கால்வாசி வேலை இறக்கை நரம்புகளைப் பார்த்து ஒழுங்காக வரைவது. அது சரியாக அமைந்துவிட்டால் பெயர் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். வரைபடம் தப்பாகிவிட்டால், நீங்கள் வைக்கும் பெயரை இன்னொருவர் வந்து அழிக்க வேண்டியிருக்கும்.

யார் யார் இந்தக் கூட்டத்தில்

நெருங்கிய உறவுடைய மூன்று வரிசைகள், அதாவது பல குடும்பங்களை அடக்கிய பெரிய பூச்சிப் பிரிவுகள், இருக்கின்றன. முதலாவது நியூராப்டெரா: லேஸ்விங்குகள், குழிநரிகள், ஆந்தை ஈக்கள், கும்பிடுபூச்சிபோலத் தோன்றும் மாண்டிஸ்பிடுகள் எல்லாம் இதில் அடங்கும். இன்று வாழ்பவை சுமார் 6,000 இனங்கள். இரண்டாவது ராஃபிடியாப்டெரா, அதாவது பாம்பு ஈக்கள்; இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 250 இனங்கள்தான், இரண்டே குடும்பங்களில். மூன்றாவது மெகலாப்டெரா, ஆல்டர் ஈக்களும் டாப்சன் ஈக்களும். இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. பின்னிறக்கையின் அடிப்பகுதி அகன்று விசிறிபோல மடிந்திருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பாம்பு ஈக்களை சிங்கப்பூரில் பார்க்க முடியாது. அவை வடக்கு அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளுக்கு உரியவை. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும். அவற்றின் புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கே குளிர் காலம் தேவைப்படுகிறது. ஆனால் டைனோசர் காலத்தில் கதை வேறு. பிரேசிலின் கிராட்டோ சுண்ணாம்புக்கல்லிலும், அன்று வெப்பக் காடாக இருந்த மியன்மாரின் ஆம்பரிலும் (ஆம்பர் என்பது இறுகிப் புதைபடிவமான மரப்பிசின்) பாம்பு ஈக்கள் இருக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதில் வந்த குளிர் வெப்பமண்டல இனங்களை அழித்து, குளிருக்குப் பழகியவற்றை மட்டும் விட்டுவைத்தது என்பது பூச்சியியலாளர் ஹார்ஸ்ட் ஆஸ்பெக் முன்வைத்த கருத்து. இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்துதான். ஆனால் வெப்பமண்டலத்தில் உட்கார்ந்து படிக்கும் நமக்கு இது ஏன் முக்கியம் என்பது புரியும்.

முதல் படி: உயிருள்ளவற்றில் பழகுங்கள்

மழை படாத காய்ந்த மணல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாய்ட் டெக் ஓரம், பூங்காக் கூரையின் கீழ், பெரிய மரத்தின் அடி. புனல் வடிவக் குழிகள் தெரிந்தால் உள்ளே குழிநரிப் புழு இருக்கிறது. ஊரில் சிலர் இதைக் குழியானை என்பார்கள். அதன் கொடுக்கு போன்ற தாடைகளைக் கவனியுங்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து உறிஞ்சு குழலாக மாறியிருப்பது நியூராப்டெரா புழுக்களின் அடையாளம். ஆம்பரில் ஒரு புழுவைப் பார்த்து "இது நம் கூட்டம்தான்" என்று சொல்ல வைப்பது அந்தத் தாடைகளே.

வளர்ந்த பூச்சிக்கு இரவில் தாழ்வார விளக்கு போதும். பச்சை லேஸ்விங் வந்து சுவரில் உட்காரும். இறக்கை தெளிவாக விழும்படி பக்கவாட்டில் படம் எடுங்கள். வளர்ந்த குழிநரியைப் பலர் தட்டான் என்று நினைத்துவிடுகிறார்கள். உணர்கொம்பைப் பாருங்கள்: தட்டானுக்கு அது மயிரிழை போலச் சிறிதாக இருக்கும், குழிநரிக்கு நுனி தடித்திருக்கும். இயற்கை வனப்பகுதிகளில் அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பயிற்சிக்குப் படமே போதும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 2015ல் திறந்தது. எல்லாரும் அங்குள்ள மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். நீங்கள் பூச்சிப் பெட்டிகளின் சீட்டுகளைப் பாருங்கள். எண், இடம், நாள், சேகரித்தவர் என்று ஒரு மாதிரிக்கு என்னென்ன எழுதப்படுகிறது என்பது அங்கே தெரியும். அந்தச் சீட்டு இல்லாத பூச்சி அறிவியலுக்குக் கிட்டத்தட்ட பயனற்றது.

இரண்டாம் படி: மாதிரி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இன்று இணையக் கடைகளில் "9.9 கோடி ஆண்டு பழமையான பூச்சி" என்று விற்கப்படும் ஆம்பரில் பெரும்பங்கு மியன்மாரின் கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. அந்த வயது சரிதான். எரிமலைச் சாம்பலில் உள்ள ஸிர்கான் படிகங்களை வைத்து 2012ல் கணக்கிட்டதில் 9.879 கோடி ஆண்டு என்று வந்தது. ஆனால் 2017ல் மியன்மார் ராணுவம் அந்தச் சுரங்கப் பகுதிகளைக் கைப்பற்றியது. ஆம்பர் வருமானம் மோதலுக்குத் தீனி போடுகிறது என்ற கவலை எழுந்தது. 2020ல் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் இதழாசிரியர்களுக்குக் கடிதம் எழுதியது, சில இதழ்கள் மியன்மார் ஆம்பர் கட்டுரைகளை ஏற்பதையே நிறுத்தின. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து: புதிதாகத் தொடங்குபவர் மியன்மார் ஆம்பரைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஏற்கெனவே வெளியான நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் படங்களே பயிற்சிக்கு எக்கச்சக்கம்.

கிராட்டோ கல்லும் அப்படித்தான். பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அங்கிருந்து ஜெர்மனிக்குப் போன உபிராஜாரா என்ற டைனோசர் மாதிரி பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2023ல் திருப்பித் தரப்பட்டது. கட்டுரையும் முன்பே திரும்பப் பெறப்பட்டிருந்தது. கடையில் அழகான கிராட்டோ லேஸ்விங் கிடைத்தாலும், அது எப்படி வெளியே வந்தது என்பதற்குத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கையில் வைத்துப் பழக வேண்டும் என்றால் பால்டிக் ஆம்பர் பரவாயில்லை. டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த இயோசீன் காலத்தது, சட்டப்படி விற்கப்படுகிறது, ஒப்பிடக் கட்டுரைகளும் ஏராளம். நம் பக்கத்திலும் ஆம்பர் உண்டு. சரவாக்கின் மெரிட் பிலா நிலக்கரிச் சுரங்கத்தில் அதற்கும் பிந்தைய மயோசீன் கால ஆம்பர் பெரிய பெரிய கட்டிகளாகக் கிடைத்திருக்கிறது, குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் இயோசீன் ஆம்பர் கிடைத்திருக்கிறது. இரண்டுமே டிப்டெரோகார்ப் மரக் குடும்பத்தின் பிசின். புக்கிட் தீமாவில் ஓங்கி நிற்கும் செராயா மரங்களும் அந்தக் குடும்பம்தான்.

மூன்றாம் படி: ஆம்பரா, வேறா

போலிகள் நிறைய. சோதிக்கும் வழிகள் சில. தண்ணீரில் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து அதில் போடுங்கள். ஆம்பர் மிதக்கும், கண்ணாடியும் பல பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். பூச்சி இல்லாத பக்கத்தில், ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். பிசுபிசுத்தால் அது கோபால், அதாவது இன்னும் ஆம்பராக முதிராத இளம் பிசின். கொலம்பியக் கோபாலை ஆம்பர் என்று விற்பது பழைய வழக்கம். யூவி டார்ச் அடித்தால் ஆம்பர் நீலமாக ஒளிரும். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, பூச்சியையே பார்ப்பது. பெரிய பூச்சி, இறக்கை விரித்து, நட்டநடுவில், ஒரு தூசிகூட இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான ஆம்பரில் குப்பை இருக்கும், குமிழி இருக்கும், பிசின் வழிந்த அடுக்குகள் தெரியும். பால்டிக் ஆம்பரில் நட்சத்திர வடிவ மயிர்கள் அடிக்கடி கிடைக்கும், அவை ஓக் மரத்தினுடையவை. பூச்சியின் ஒரு பக்கத்தில் பால்போல வெள்ளைப் படலமும் இருக்கும். அந்தப் படலம் நரம்புகளை மறைத்துத் தொல்லை கொடுக்கும், ஆனால் கல் நிஜம் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆம்பரைச் சாராயத்தால் (ஆல்கஹாலால்) துடைக்காதீர்கள், மேற்பரப்பு கெடும். கீறல் பார்வையை மறைத்தால் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு அதன்மேல் மெல்லிய கண்ணாடித் தகடு வையுங்கள். கீறல் மறைந்து உள்ளே தெளிவாகத் தெரியும். வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள். உப்புத்தாள் போட்டு மெருகேற்றும் வேலையை உங்கள் சொந்தக் கல்லில், பூச்சி இல்லாத கல்லில் பழகிக்கொள்ளுங்கள். இரவல் வாங்கிய மாதிரியில் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

பாறை என்றால் நேர்மாறு. களிமண் கலந்த ஷேல் என்ற மெல்லிய படிவுப் பாறை தண்ணீர் பட்டால் உதிர்ந்துவிடும். ஆனால் சாராயத்தால் லேசாக நனைத்தால் நரம்புகள் கறுத்துத் தெளிவாக எழும்பும், சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அந்த இடைவெளியில் படம் எடுங்கள். பிறகு காய்ந்த நிலையிலும் ஒரு படம், பக்கவாட்டில் தாழ்ந்த வெளிச்சம் அடித்து. முதல் படம் நிறத்தைக் காட்டும், இரண்டாவது மேடு பள்ளத்தைக் காட்டும். கல் இரண்டாகப் பிளந்திருந்தால் இரு பாதியும் வேண்டும். ஒன்றில் உடைந்துபோன நரம்பு மற்றதில் முழுதாக இருக்கும்.

பாதுகாப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரப்பதம் கேமரா லென்ஸுக்கே பூஞ்சை பிடிக்க வைக்கிறது. பைரைட் என்ற இரும்புக் கனிமம் கலந்த பாறை இந்தக் காற்றில் மெல்ல மெல்லப் பொடியாகும். ஆம்பர் வெளிச்சத்திலும், ஏர்கான் போட்டு அணைக்கும் ஏற்ற இறக்கத்திலும் வெடிப்பு விடும். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் இதற்கும் உதவும். ஈரப்பதத்தை 50 சதவீதம் சுற்றி நிலையாக வைத்து, இருட்டில் வையுங்கள். ரொம்பவும் உலர்த்திவிட்டாலும் ஆம்பருக்கு ஆகாது.

நான்காம் படி: வரையுங்கள்

இதற்குத்தான் நேரத்தை ஒதுக்க வேண்டும்.

பத்து மடங்கிலிருந்து நாற்பது மடங்குவரை பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இருந்தால் போதும். கரோசெல்லில் பழையது கிடைக்கும். ஃபோகஸை மெல்ல மெல்ல நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் கட்டாயம். அளவுகோல் இல்லாத படத்தை வைத்து யாராலும் எதையும் ஒப்பிட முடியாது.

படத்தின் மேல் வரையுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் டிரேசிங் தாள் வாங்கிப் பேனாவால் வரையலாம், அல்லது இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் அடுக்கடுக்காக வரையலாம். முன்னிறக்கை ஓர் அடுக்கு, பின்னிறக்கை ஓர் அடுக்கு, வலது இடது தனித்தனி. கண்ணால் கண்ட நரம்புக்கு முழுக்கோடு. இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஊகிப்பதற்குப் புள்ளிக்கோடு. இந்த ஒரு விதியை மீறாதீர்கள். பழைய கட்டுரைகள் சிலவற்றில் எது கண்டது, எது ஊகித்தது என்று தெரியாமல் எல்லாம் முழுக்கோடாக இருக்கும். அவற்றைச் சரிபார்க்க நூறு ஆண்டு கழித்து ஒருவர் விமானம் ஏறி அந்தக் கல்லையே பார்க்கப் போக வேண்டியிருக்கிறது.

நரம்புகளைப் படிப்பது எம்ஆர்டி வரைபடத்தைப் படிப்பதுபோல. எந்தத் தடம் எங்கே பிரிகிறது, எதோடு சேர்கிறது என்பதே முக்கியம். இடையில் உள்ள தூரம் அவ்வளவு முக்கியமில்லை. பாறை அழுந்தியதில் இறக்கை நீண்டோ அகன்றோ போயிருக்கலாம், சந்திப்புகள் மாறுவதில்லை.

முன் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். விளிம்பு நரம்பு சி (காஸ்டா). அதன் பின்னால் எஸ்சி (சப்காஸ்டா), அடுத்து ஆர் என்ற ரேடியஸ் நரம்பின் முன்கிளை ஆர்ஏ. விளிம்புக்கும் எஸ்சிக்கும் நடுவே வரிசையாகக் குட்டி நரம்புகள் ஓடும், அவை நுனியில் கவடு பிரிகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ஏவிலிருந்து பிரிந்து கிளை கிளையாகப் பரவுவது அதன் பின்கிளை ஆர்பி. அதன் பின்னே எம் (மீடியா), சியூ (கியூபிடஸ்; அதன் முன்கிளை சியூஏ), கடைசியாக ஏ (ஏனல்). குழம்பினால் மேடு பள்ளத்தைப் பாருங்கள். எஸ்சி பள்ளத்தில் ஓடும், ஆர்ஏ மேட்டில் ஓடும், ஆர்பி பள்ளம், சியூஏ மேடு. கல்லின் எதிர்ப்பாதியில் இது தலைகீழாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று படத்திலேயே குறித்து வைத்தால் கண் ஏமாறாது.

பெயரிடும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூச்சியியலாளர்கள் காம்ஸ்டாக்கும் நீதமும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறையை எல்லாரும் பின்பற்றினாலும், எம்மின் முன்கிளையான எம்ஏ என்ற நரம்பு எங்கே என்பதில் நீண்ட காலம் கருத்து வேறுபாடு. 2017ல் பிரைட்க்ராய்ட்ஸ், விண்டர்டன், எங்கல் மூவரும் வளரும் இறக்கைக்குள் ஓடும் மூச்சுக்குழல்களைத் தொடர்ந்து பார்த்து, எந்த நரம்பு எது என்பதற்குப் புதிய விளக்கம் தந்தார்கள். விளைவு: பழைய கட்டுரையில் எம்ஏ என்று எழுதியிருக்கும் நரம்புக்கு, புதிய கட்டுரையில் வேறு பெயர் இருக்கலாம். ஒரே இறக்கை, இரண்டு பெயர். ஆகவே எதை ஒப்பிட்டாலும் முதலில் அந்தக் கட்டுரை எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். உங்கள் கட்டுரையிலும் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கைகளை எழுதும்போது வலது, இடது இரண்டையும் எழுதுங்கள். ஒரே பூச்சியின் இரு பக்கங்களில் குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கை மாறுவது சாதாரணம். ஒரு குறுக்கு நரம்பு கூடியிருக்கிறது என்பதற்காகப் புதிய இனம் என்று அறிவிக்கும் ஆசை வரும்போது, உங்கள் பூச்சியின் மற்ற இறக்கையை எடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: குடும்பத்தை நெருங்குங்கள்

இப்போதுதான் வகைப்படுத்தல். பாம்பு ஈயா என்று முதலில் தீர்மானியுங்கள். நீண்ட முன்மார்பு, இறக்கையில் தெளிவான நிறப்பொட்டு, பெண்ணுக்கு நீண்ட முட்டையிடும் குழல், இந்த மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மூன்றும் தனித்தனியாக ஏமாற்றும். மாண்டிஸ்பிடுக்கும் முன்மார்பு நீளம்தான். வேறுபாடு காலில் இருக்கிறது: மாண்டிஸ்பிடின் முன்கால்கள் முன்மார்பின் முன்முனையில் இருக்கும், கும்பிடுபூச்சியினுடையதுபோல இரை பிடிக்கும் கால்கள். பாம்பு ஈயின் முன்கால்கள் முன்மார்பின் பின்முனையில் இருக்கும், சாதாரண நடைக்கால்கள். நீண்ட குழல் டிலாரிடே என்ற லேஸ்விங் குடும்பத்துப் பெண்களுக்கும் உண்டு. அதனால் ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்குப் போக வேண்டாம்.

பாம்பு ஈதான் என்றால், இன்றைய இரு குடும்பங்களைப் பிரிப்பது எளிது. ராஃபிடிடேக்குத் தலையில் தனிக்கண்கள் (பெரிய கண்கள் தவிர உள்ள சிறு கண்கள்) உண்டு, நிறப்பொட்டுக்குள் ஒரு நரம்பாவது குறுக்கே போகும். ஐனோசெல்லிடேக்கு இரண்டும் இல்லை. மீசோசோயிக், அதாவது டைனோசர் காலத்துக்குப் போனால் கஷ்டம். அங்கே பெரும்பாலானவற்றை மீசோராஃபிடிடே என்ற ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். அது ஒரே மூதாதையின் வழி வந்த எல்லாரையும் சேர்த்த குடும்பம் இல்லை, மிச்சத்தையெல்லாம் போட்ட பை என்பது பலரும் ஒப்புக்கொண்டதுதான். மியன்மார் ஆம்பரிலிருந்து 2002ல் எங்கல் விவரித்த நானோராஃபிடியா எலெக்ட்ரோபர்மிகா என்ற குட்டிப் பாம்பு ஈயும் அந்தப் பையில்தான் வைக்கப்பட்டது. இறக்கையில் அறைகள் மிக அதிகமாக இருந்தால் பைசாப்டெரிடேயை நினையுங்கள்.

லேஸ்விங் குடும்பங்களுக்கு எல்லா அடையாளத்தையும் இங்கே சொல்லி முடியாது. சில திறவுகோல்கள் மட்டும். ஆர்பி ஒரே இடத்தில் பிரியாமல், ஆர் தண்டிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் தனித்தனியே புறப்பட்டால் அது ஹெமரோபிடே, பழுப்பு லேஸ்விங். எஸ்சி, ஆர்ஏ, ஆர்பி மூன்றும் நெருக்கமாகச் சேர்ந்தே ஓடி, இறக்கையும் அகலமாக இருந்தால் சைகாப்சிடே. இறக்கையில் பட்டாம்பூச்சியினுடையதுபோல் கண்பொட்டு, உறிஞ்சு குழல், பெரிய உடல் என்றால் கல்லிகிராமாடிடே. ஜூராசிக் முதல் கிரெட்டேசியஸ்வரை வாழ்ந்து அழிந்துபோனவை, பட்டாம்பூச்சிகள் வருவதற்கு முன்பே அந்த வேடத்தைப் போட்டுப் பார்த்தவை. முதல் இனத்தை 1904ல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் கல்லிலிருந்து விவரித்தார்கள்.

ஆம்பரில் இரண்டு மூன்று மி.மீ. நீளத்தில், சில நரம்புகளே உள்ள, வெள்ளை ஈ போன்ற ஒன்றைப் பார்த்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கோனியாப்டெரிஜிடே ஆக இருக்கலாம். லேஸ்விங்கிலேயே மிகச் சிறியவை, புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவதும் இவற்றைத்தான்.

ஒப்பிட வேண்டிய பழைய விவரிப்புகளுக்கு லேஸ்விங் டிஜிட்டல் லைப்ரரி என்ற தளம் பெரிய உதவி. ஜான் ஓஸ்வால்ட் உருவாக்கியது. உலகின் நியூராப்டெரா இனப் பட்டியலும் நூற்பட்டியலும் அங்கே உண்டு. நூறாண்டு பழைய கட்டுரைகளுக்குப் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. இரண்டும் இலவசம். இனங்களின் உறவைக் காட்டும் கிளைவரைபடம் தயாரிக்கும் மென்பொருள்களைத் தொடக்கத்திலேயே தொட வேண்டாம். வரைதல் கைவந்த பிறகு டிஎன்டி என்ற மென்பொருளைப் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான்.

ஆறாம் படி: எழுதுவதும் பெயர் வைப்பதும்

ஒரு புதிய இனத்தின் விவரிப்புக்குள் இரண்டு பகுதிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று வேறுபடுத்தும் குறிப்பு: இந்த இனம் நெருங்கிய மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று நாலைந்து வரி. இன்னொன்று விவரிப்பு: இந்த மாதிரியில் என்ன தெரிகிறது என்று தலையிலிருந்து வயிற்று நுனிவரை எல்லாம். முன்னதில் ஒப்பீடு, பின்னதில் வெறும் பார்வை. தெரியாததை "பாதுகாக்கப்படவில்லை" என்று எழுதுங்கள், "இல்லை" என்று எழுதாதீர்கள். தனிக்கண் இல்லை என்பதும், தலையின் அந்தப் பகுதியே வெள்ளைப் படலத்துக்குள் போய்விட்டது என்பதும் வேறு வேறு செய்திகள்.

பெயரிடும் சட்டம் விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பு. இப்போது நடப்பில் இருப்பது 1999ல் வெளிவந்த நான்காம் பதிப்பு. 2000 முதல், புதிய இனத்துக்கு ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி, எது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது, எந்த ஊரில் என்பதையும் சொல்ல வேண்டும். அது பொது அரும்பொருளகமாக இருக்க வேண்டும் என்பது விதியில் பரிந்துரை மட்டுமே, ஆனால் நல்ல இதழ்கள் அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டன. உங்கள் அலமாரியில் இருக்கும் கல்லுக்குப் பெயர் வைக்க நினைத்தால், முதலில் அதைக் கொடுத்துவிடத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால், வெளியாவதற்கு முன் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்க்கில் பதிவு செய்து, பதிவு செய்ததற்கான சான்று கட்டுரைக்குள் இருக்க வேண்டும். 2012 முதல் இது விதி. இதைத் தவறவிட்ட பெயர் செல்லாது.

பெயர் எந்த மொழிச் சொல்லிலிருந்தும் வரலாம், லத்தீன் எழுத்தில் இருந்தால் போதும். தமிழ்ச் சொல்லும் ஆகும். வைப்பதற்கு முன் அதே பேரினப் பெயரை வேறு ஏதாவது விலங்குக்கு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். வண்டுக்கோ மீனுக்கோ வைத்திருந்தாலும் உங்களுடையது போய்விடும். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

எப்போது பெயர் வைக்கக் கூடாது

அடிப்பகுதி இல்லாத அரை இறக்கைக்குப் பெயர் வைக்காதீர்கள். "குடும்பம் இன்னது, பேரினம் தெரியவில்லை" என்று எழுதினாலும் அது பதிப்பிக்கத் தகுந்த செய்திதான். ஆய்வாளர்கள் ஆர்ச்சிபால்டும் மகார்கினும் 2006ல் பெரிய லேஸ்விங்குகளை மறு ஆய்வு செய்தபோது, எந்தப் பேரினத்திலும் உறுதியாக வைக்க முடியாதவற்றைப் பாலிஸ்டெகோடைட்டிஸ் என்ற கூட்டுப் பெயரின் கீழ் நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. உறுதியாகத் தெரிந்த அளவோடு நின்றுகொண்டார்கள்.

புழுக்கள் இன்னொரு சிக்கல். ஆம்பரில் புழு ஒரு பெயரோடும், அதே இனத்தின் வளர்ந்த பூச்சி இன்னொரு பெயரோடும் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் பலர் புழுக்களுக்குப் பெயர் வைக்காமல் வடிவத்தை மட்டும் விவரிக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. ஸ்பெயினின் எல் சொப்லாவ் ஆம்பரில் பெரணி மயிர்களைக் குப்பையாக முதுகில் சுமந்தபடி கிடைத்த புழுவுக்கு 2012ல் ஹல்லூசினோகிரைசா என்று பெயர் வைத்தார்கள். லெபனான் ஆம்பரில் முட்டை ஓட்டை உடைத்து வெளியே வந்த நிலையிலேயே சிக்கிய குஞ்சுப் புழுக்களுக்கும் பெயர் உண்டு. அவ்வளவு தனித்த உருவம் என்றால் சரி. உங்கள் புழு வெறும் தாடையும் கொழுத்த உடலுமாக இருந்தால், நல்ல படமும் அளவுகளும் போட்டு, பெயர் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் இந்தக் கூட்டத்தைப் படிக்கும் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உலகில் அவர்கள் எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் பதில் எழுதுவார்கள். பூச்சியின் முழுப்படம் மட்டும் அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால் பதில் வராது. அளவுகோலோடு இறக்கைப் படம், அதன்மேல் நீங்கள் வரைந்த கோடு, நரம்புகளுக்கு நீங்கள் வைத்த எழுத்துகள், மாதிரியின் எண், அது கிடைத்த இடம், இவ்வளவும் சேர்த்து, உங்கள் சந்தேகம் எந்த நரம்பில் என்று சுட்டிக்காட்டி அனுப்புங்கள்.